வெளிநாட்டு ஏஜென்டின் பின்புலத்தை விசாரிக்கக் கொடுக்கும் முன்

கேட்கப்பட்டது சுருக்கமாக இதுதான்: "வேறொரு நாட்டில் எங்கள் கருவிகளை அரசு மருத்துவமனைகளுக்கு விற்க ஒரு ஏஜென்டை அமர்த்தப் போகிறோம். டியூ டிலிஜென்ஸ், அதாவது பின்புல விசாரணை, முடித்துவிட்டு ஒப்பந்தம் போடுங்கள் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. மூன்று விசாரணை நிறுவனங்களிடம் கொட்டேஷன் கேட்டோம். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். யாரிடம் கொடுப்பது? என்ன கேட்பது?"

அந்த வித்தியாசம் எப்படி வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. "இந்த நிறுவனத்தைப் பற்றி ஒரு டியூ டிலிஜென்ஸ் அறிக்கை வேண்டும்" என்று ஒற்றை வரியில் கேட்டிருப்பீர்கள். ஒருவர் அதைப் பெயரைத் தட்டி, அரசுகள் பொருளாதாரத் தடை விதித்தவர்களின் பட்டியல்களில் (தடைப் பட்டியல்) இருக்கிறதா என்று பார்க்கும் வேலையாக எடுத்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் கம்பெனிப் பதிவு, நீதிமன்ற வழக்கு, உள்ளூர் பத்திரிகை எல்லாவற்றையும் அலசுவதாக நினைத்திருப்பார். மூன்றாமவர் ஆளை நேரில் அனுப்பி, அந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் காதும் காதும் வைத்தாற்போல் விசாரிப்பதற்கு விலை சொல்லியிருப்பார். மூன்றும் வேறு வேறு சரக்கு. விலையை ஒப்பிட வழியே இல்லை.

அதனால் விசாரணை நிறுவனத்தை (இனி ஏஜென்சி என்பேன்) தேர்ந்தெடுக்கும் வேலையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நீங்கள் எடுக்கப்போகும் முடிவு எது, அதை மாற்றக்கூடிய தகவல் எது என்று முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். கேட்காத கேள்விக்கு எந்த அறிக்கையும் பதில் சொல்லாது. அழகாக அச்சடித்த நாற்பது பக்க அறிக்கையில் வாங்கியவருக்குத் தேவையான ஒரு வரிகூட இல்லாமல் போவது இந்தத் துறையில் சாதாரணம்.

ஏஜென்ட் விஷயத்தில் ஏன் இவ்வளவு பாடு என்று உங்கள் விற்பனைப் பிரிவு கேட்கும். பெரும்பாலும் பணக்கார நாடுகளைக் கொண்ட பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஈசிடி 2014ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்ததாக முடிவான 427 வழக்குகளை எடுத்துப் பார்த்ததில், நான்கில் மூன்றில் பணம் இடைத்தரகர் வழியாகத்தான் போயிருந்தது. நிறுவனம் நேரடியாகக் கவர் கொடுப்பது அபூர்வம். ஏஜென்ட், கன்சல்டன்ட், டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஏதோ ஒரு பெயரில் ஒருவர் நடுவில் இருப்பார். சட்டங்களும் இதைத் தெரிந்தே எழுதப்பட்டவை. அமெரிக்காவின் 1977ஆம் ஆண்டு வெளிநாட்டு லஞ்சத் தடுப்புச் சட்டத்தில், பணம் லஞ்சமாகப் போக வாய்ப்பு மிக அதிகம் என்று உணர்ந்தும் கண்ணை மூடிக்கொண்டால், தெரிந்தே செய்ததாகத்தான் கணக்கு. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டு லஞ்சச் சட்டம் இன்னும் கடுமை. அதன் 7ஆம் பிரிவின்படி, உங்கள் சார்பில் வேலை செய்பவர் உங்களுக்கு வியாபாரம் பிடிக்க லஞ்சம் கொடுத்தால் நிறுவனமே குற்றவாளி. தடுக்கப் போதுமான நடைமுறைகள் எங்களிடம் இருந்தன என்று நிரூபிப்பது ஒன்றே தப்பிக்கும் வழி.

சரி, அதற்காக உங்களோடு தொழில் செய்யும் எல்லோரையும் துருவித் துருவி விசாரிக்க வேண்டியதில்லை. காகிதமும் நாற்காலியும் சப்ளை செய்பவருக்குத் தடைப் பட்டியல் சோதனையே தாராளம். உங்கள் பெயரைச் சொல்லி அரசு அலுவலகத்துக்குள் போகிறவர், ஆர்டர் கிடைத்தால்தான் பணம் என்ற ஏற்பாட்டில் இருப்பவர், வாங்கும் தரப்பின் அதிகாரியே "இவரை வைத்துக்கொள்ளுங்கள்" என்று கைகாட்டியவர் ஆகிய மூன்று வகையினரிடம்தான் பணத்தையும் நேரத்தையும் செலவிட வேண்டும். உங்கள் ஏஜென்ட் முதல் இரண்டிலும் நிச்சயம் வருகிறார். மூன்றாவதிலும் வருகிறாரா என்று விற்பனைப் பிரிவிடம் கேளுங்கள். பெயர் முதலில் யார் வாயிலிருந்து வந்தது என்பதற்குத் தெளிவான பதில் இல்லாவிட்டால், அதையே முதல் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம்.

ஏஜென்சிக்குப் போகும் முன் வீட்டு வேலை நிறைய இருக்கிறது. ஏஜென்டிடம் ஒரு கேள்விப் படிவம் கொடுத்துக் கையெழுத்தோடு வாங்குங்கள். உரிமையாளர்கள் யார், இயக்குநர்கள் யார், குடும்பத்தில் அரசுப் பதவியில் யாராவது உண்டா, வேறு எந்தக் கம்பெனிகளுக்கு ஏஜென்டாக இருக்கிறார், பணம் எந்த வங்கியில் எந்தப் பெயரில் வாங்குவார் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். பின்புலத்தை விசாரிப்போம் என்பதையும் அதிலேயே சொல்லிச் சம்மதம் வாங்கிவிடுங்கள். ஐரோப்பாவின் ஜிடிபிஆர் போன்ற தனியுரிமைச் சட்டம் இருக்கும் இடங்களில் சம்மதம் மட்டும் போதாமல் போகலாம், அதை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். படிவத்தினால் இன்னொரு லாபமும் உண்டு. விசாரணையில் வெளிவருவதை அவர் எழுதிக் கொடுத்ததோடு ஒப்பிடலாம். அவருக்கு ஒரு பழைய வழக்கு இருப்பது பெரிய விஷயமில்லை. வழக்கே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அது பெரிய விஷயம்.

உங்கள் பக்கத்திலும் ஒருவர் எழுதித் தர வேண்டும். இந்த ஏஜென்ட் எதற்கு, இவரே ஏன், என்ன வேலைக்கு இத்தனை சதவீதம் கமிஷன் என்று அவரை முன்மொழிகிறவர் ஒரு பக்கத்தில் எழுதட்டும். இதைச் சடங்காக நினைப்பவர்களுக்கு அல்ஸ்டாம் வழக்கைச் சொல்வேன். மின்சாரத் திட்டங்களுக்காகப் பல நாடுகளில் லஞ்சம் கொடுத்த வழக்கில் அந்தப் பிரெஞ்சு நிறுவனம் 2014 டிசம்பரில் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 77.2 கோடி டாலர் அபராதத்துக்குச் சம்மதித்தது. அமர்த்தப்பட்ட கன்சல்டன்ட்கள் சிலருக்கு அந்தத் துறையில் அனுபவமே இல்லை. சிலர் திட்டம் நடக்கும் நாட்டிலேயே இல்லை. சிலர் சம்பந்தமில்லாத வேறொரு நாட்டு வங்கிக் கணக்கில் பணம் கேட்டார்கள். ஒரே திட்டத்தில் ஒரே வேலைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கன்சல்டன்ட்கள். இதில் எதையும் கண்டுபிடிக்கப் புலனாய்வாளர் தேவைப்பட்டிருக்காது. எல்லாம் கம்பெனியின் சொந்தக் காகிதத்திலேயே இருந்தது. அந்த நிறுவனத்தின் விதிகளே இவற்றை எச்சரிக்கை அறிகுறிகள் என்று வகைப்படுத்தியிருந்தன.

இதெல்லாம் கையில் வந்த பிறகு ஏஜென்சிக்கு வேலைக் குறிப்பு எழுதுங்கள். அதிகம் மெனக்கெட வேண்டியது இங்கேதான். ஆள் யார் என்பதில் சந்தேகமே வரக்கூடாது. முழுப் பெயர் அவருடைய சொந்த எழுத்துமுறையிலும் வேண்டும், கடவுச்சீட்டில் இருக்கும் ரோமன் எழுத்துக்கூட்டலிலும் வேண்டும். பிறந்த தேதி, கம்பெனிப் பதிவு எண், பழைய பெயர்கள், பழைய முகவரிகள் எல்லாம் கொடுங்கள். லிபியாவின் கடாஃபி பெயரை ரோமன் எழுத்தில் பத்திரிகைகள் எத்தனை விதமாக எழுதின என்று யோசித்துப் பாருங்கள். தவறான எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு "எதுவும் இல்லை" என்று சொல்வதும், அதே பெயருள்ள வேறு யாரோ செய்த குற்றத்தை உங்கள் ஆள் தலையில் கட்டுவதும் அன்றாடம் நடப்பவை.

அடுத்து கேள்விகள். "நற்பெயரை விசாரிக்கவும்" என்று எழுதினால் வழவழ பதில்தான் வரும். உங்கள் விஷயத்துக்கு நான் எழுதினால் இப்படி இருக்கும்: இந்தக் கம்பெனியின் லாபம் கடைசியில் யார் பையில் சேர்கிறது? பங்கு வைத்திருப்பவர் சொந்தப் பணத்தில் வாங்கினாரா, பினாமியா? சுகாதாரத் துறையிலோ அந்த மருத்துவமனைகளின் கொள்முதல் குழுவிலோ இருப்பவர்களோடு உறவு, கூட்டு வியாபாரம் உண்டா? இதற்கு முன் எந்தக் கம்பெனிகளின் ஏஜென்டாக இருந்தார், அவர்கள் ஏன் விலகினார்கள்? கருவியை நிறுவவும் பழுது பார்க்கவும் ஆட்கள் இருக்கிறார்களா, அல்லது ஒரு மேஜையும் ஒரு தொலைபேசியும்தானா? கடைசிக் கேள்வி சாதாரணமாகத் தெரியும். ஆனால் சேவை எதுவும் செய்ய முடியாத ஒருவருக்குப் பெரிய கமிஷன் போகிறதென்றால் அந்தப் பணம் எதற்கு என்ற கேள்வி தானாக எழுகிறது.

உரிமையாளர் கேள்வியைக் கொஞ்சம் அழுத்திக் கேட்க வேண்டும். உண்மையான உரிமையாளரைப் பதிவு செய்யச் சொல்லும் நாடுகள் பலவற்றில் எல்லை 25 சதவீதம். ஐந்து பேர் ஆளுக்கு 20 வைத்துக்கொண்டால் ஒருவர் பெயரும் வராது. அமெரிக்காவின் பொருளாதாரத் தடை விதியோ வேறு மாதிரி. தடை விதிக்கப்பட்டவர்களின் பங்குகள் கூட்டாக 50 சதவீதத்தைத் தொட்டாலே அந்தக் கம்பெனியும் தடைக்குள் வந்துவிடும், கம்பெனியின் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும். அப்படியானால் 10, 15 சதவீதக்காரர்களையும் தெரிந்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு, 2022 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் இந்த உரிமையாளர் பதிவேடுகளைப் பொதுமக்கள் எல்லோருக்கும் திறந்து வைப்பது தனியுரிமைக்கு எதிரானது என்று சொல்லிவிட்டது. உடனே பல நாடுகள் கதவைச் சாத்தின. "10 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருக்கும் எல்லோரையும், இயற்கை நபர் (கம்பெனி அல்லாத, உயிருள்ள ஆள்) வரும்வரை" என்று குறிப்பில் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் முதல் அடுக்கில் ஒரு தீவுக் கம்பெனியின் பெயரைப் போட்டு முடித்துவிடுவார்கள்.

நேரில் போய்ப் பார்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. வயர்கார்டு என்ற ஜெர்மன் பணப்பரிமாற்ற நிறுவனம் 2020 ஜூனில் 190 கோடி யூரோவைக் காணவில்லை என்று சொல்லிச் சரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டே, அதன் கூட்டாளி என்று காட்டப்பட்ட ஒரு கம்பெனியின் பிலிப்பைன்ஸ் முகவரிக்குப் பத்திரிகையாளர்கள் நேரில் போனார்கள். அங்கே ஒரு குடும்பம் குடியிருந்தது. பெரிய தணிக்கையும் கணக்கு வழக்கும் சொல்லாததைக் கதவைத் தட்டியது சொல்லிவிட்டது. உங்கள் ஏஜென்டின் அலுவலகம், கிடங்கு இரண்டையும் யாராவது போய்ப் பார்த்துப் புகைப்படம் எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். செலவுக்கேற்ற பலன் கிடைக்கும் வேலை இது.

ஆட்களிடம் விசாரிப்பது இன்னொரு ரகம். முன்னாள் ஊழியர், போட்டியாளர், வாடிக்கையாளர், உள்ளூர் பத்திரிகையாளர் என்று சிலரிடம் பேச்சுக் கொடுத்து எழுதுவார்கள். பெயர்களைச் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. ஆனால் ஒவ்வொருவரும் எந்த நிலையில் இருந்து பேசுகிறார், நேரில் பார்த்ததைச் சொல்கிறாரா, கேள்விப்பட்டதையா, அவருக்கு ஏஜென்டோடு பகை உண்டா என்பதை எழுதச் சொல்லலாம். "மூன்று பேர் உறுதிப்படுத்தினார்கள்" என்ற வாக்கியத்தை நான் உடனே நம்புவதில்லை. ஒரே விருந்தில் ஒரே வதந்தியைக் கேட்ட மூன்று பேராகவும் இருக்கலாம்.

எப்படி விசாரித்தார்கள் என்பது உங்கள் தலைவலியும்தான். 2013ல் சீனாவில், ஷாங்காயிலிருந்து இயங்கிய ஒரு பிரிட்டிஷ் புலனாய்வாளரும் அவர் மனைவியும் கைதானார்கள். அவர்களுடைய வாடிக்கையாளர்களில் கிளாக்ஸோஸ்மித்கிளைன் என்ற மருந்துக் கம்பெனியும் ஒன்று. தனிநபர் தகவல்களைச் சட்டவிரோதமாக வாங்கினார்கள் என்று மறு ஆண்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டும் மனைவிக்கு இரண்டு ஆண்டும் தண்டனை கொடுத்தது. அமெரிக்காவில் 2006ல் கம்ப்யூட்டர் கம்பெனியான ஹியூலெட்-பேக்கார்ட், இயக்குநர் குழுவிலிருந்து செய்தியைக் கசியவிடுவது யார் என்று கண்டுபிடிக்க ஆள் வைத்தது. கடைசியில் வேலை செய்தவர்கள், வேறொருவராக நடித்துத் தொலைபேசிப் பதிவுகளை வாங்கியிருந்தார்கள். தலைவர் பதவி போனது, கலிபோர்னியா அரசின் வழக்கை முடிக்கக் கம்பெனி 1.45 கோடி டாலர் கட்டியது.

ஆகவே ஒப்பந்தத்தில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாக எழுதுங்கள். காசு கொடுத்துத் தகவல் வாங்கக்கூடாது, வங்கி, தொலைபேசி, மருத்துவப் பதிவுகளைத் தொடக்கூடாது, ஆள்மாறாட்டம் கூடாது, துணை ஒப்பந்தக்காரர் யாராக இருந்தாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கடைசியது முக்கியம். பெரிய ஏஜென்சிகளும் பல நாடுகளில் உள்ளூர் தனி ஆட்களைத்தான் நம்பியிருக்கின்றன, விதியை மீறுவது பெரும்பாலும் அந்தக் கடைசிக் கை. அறிக்கையில் ஒருவருடைய வங்கி இருப்பு பைசா சுத்தமாக வந்திருந்தால் மகிழ்ந்துபோகாதீர்கள். எப்படிக் கிடைத்தது என்று எழுத்தில் கேளுங்கள்.

யார் இதை ஆர்டர் செய்வது? விற்பனைப் பிரிவு செய்யக்கூடாது. ஏஜென்ட் வந்தால்தான் அவர்களுக்கு இலக்கு எட்டும். கம்ப்ளையன்ஸ் (விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் பிரிவு) அல்லது சட்டப் பிரிவின் பெயரில் போகட்டும். "அறிக்கையை நானே ஒரு நல்ல நிறுவனத்திடம் வாங்கித் தருகிறேன்" என்று ஏஜென்ட் சொன்னால் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, உங்களுடையதைத் தனியாகச் செய்யுங்கள்.

இப்போது அந்த மூன்று பேருக்கும் இந்தக் குறிப்பை அனுப்பிப் புதிதாக விலை கேளுங்கள். கட்டம் கட்டமாகக் கேட்பது நல்லது. முதலில் ஆவணம், வழக்கு, பத்திரிகை. அதைப் பார்த்த பிறகுதான் ஆள் அனுப்புவதா என்று நீங்கள் முடிவு செய்வீர்கள். முதல் கட்டம் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் முடியும், இரண்டாவது அதைவிட இழுக்கும். சில நாடுகளில் வழக்குப் பதிவேடு கம்ப்யூட்டரில் இல்லை, கோர்ட் வாசலில் நின்றுதான் பார்க்க வேண்டும். நாலு நாளில் எல்லாம் முடித்துத் தருகிறேன் என்பவரை விட்டுவிடுங்கள். உங்கள் குறிப்பைப் படித்துவிட்டுத் திருப்பிக் கேள்வி கேட்கிறவரிடம் எனக்கு நம்பிக்கை அதிகம்.

அறிக்கை வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது ஆபத்தா இல்லையா என்று காட்டும் சிவப்பு, பச்சை நிறத்தைத்தான். அதைக் கடைசியில் பாருங்கள். "பாதகமான தகவல் எதுவும் கிடைக்கவில்லை" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். எங்கே தேடிக் கிடைக்கவில்லை என்பதுதான் கேள்வி. எந்த நீதிமன்றங்கள், எந்த ஆண்டு முதல், எந்த மொழிப் பத்திரிகைகள்? நேற்றுத் தொடங்கிய கம்பெனிக்கு வழக்கு இருக்காது. பத்திரிகைச் சுதந்திரம் இல்லாத நாட்டில் அமைச்சரின் மைத்துனரைப் பற்றிக் கெட்ட செய்தி வராது. தேட முடியாமல்போன இடங்களை வெளிப்படையாக எழுதும் ஏஜென்சி நல்ல ஏஜென்சி. ஆவணம் சொல்வது, ஆள் சொன்னது, எழுதியவரின் ஊகம் மூன்றும் பிரித்துத் தெரிய வேண்டும். கலந்து கிடந்தால் திருப்பி அனுப்பிப் பிரிக்கச் சொல்லுங்கள். அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

ஏதாவது கிளம்பினால் உடனே ஓடிவிட வேண்டும் என்றில்லை. ஏஜென்டிடமே கேட்கலாம், விசாரணையில் பேசியவர்களைக் காட்டிக் கொடுக்காமல். விளக்கம் பொருந்தினால் நிபந்தனைகளோடு போகலாம்: கமிஷனுக்கு உச்ச வரம்பு, பணம் அவர் தொழில் செய்யும் நாட்டில் கம்பெனி பெயரில் இருக்கும் கணக்குக்கு மட்டும், செய்த வேலைக்கு ஆதாரத்தோடு பில், கணக்குகளைத் தணிக்கை செய்யும் உரிமை, சந்தேகம் வந்தால் நிறுத்தும் உரிமை. செய்யக்கூடாதது ஒன்றுதான். எச்சரிக்கை அறிகுறியைக் கோப்பில் போட்டுவிட்டு, அதைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது. நாளைக்கு வழக்கு வந்தால், தெரிந்தே செய்தீர்கள் என்பதற்கு உங்கள் காசில் வாங்கிய அறிக்கையே சாட்சி. அமெரிக்க நீதித்துறை ஒரு நிறுவனத்தின் கட்டுப்பாடுகளை எடைபோடும்போது கேட்கும் கேள்விகளிலும் இது உண்டு: அறிகுறிகள் தென்பட்டனவா, அவற்றை எப்படித் தீர்த்தீர்கள்? அதனால் யார் முடிவெடுத்தார், என்ன காரணத்தால் என்று அரைப் பக்கம் எழுதித் தேதி போட்டு வையுங்கள்.

2025 பிப்ரவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு லஞ்சத் தடுப்புச் சட்டத்தின் அமலை நிறுத்தி வைத்ததைக் காட்டி, இனி இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான்கே மாதத்தில் புது வழிகாட்டுதலோடு அது திரும்பத் தொடங்கியது. பிரிட்டனும் பிரான்சும் எதையும் நிறுத்தவில்லை. இன்று செய்த காரியத்துக்கு வழக்கு ஆண்டுகள் கழித்தும் வரலாம்.

ஒப்பந்தம் போட்ட பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் பாருங்கள். நடுவில் உரிமையாளர் மாறினாலோ, கமிஷனை உயர்த்தக் கேட்டாலோ அப்போதே பாருங்கள். கணக்குப் பிரிவுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். "இனி பணத்தை இந்த வேறு கணக்குக்கு அனுப்பவும்" என்று ஏஜென்டிடமிருந்து கடிதம் வந்தால், அதை அவர்களே நிறைவேற்றாமல் கம்ப்ளையன்ஸ் மேஜைக்கு அனுப்ப வேண்டும்.